முதலில் வந்தவள்

– வளைக்காதீங்க மாமா, ஒடிஞ்சிரும்! அது மூங்கில் இல்ல, பனியில சறுக்குற ஸ்கீ.

– ஒடியாது லா ஃபெலி. இந்த ரேமண்ட் மாமா மூவார்லருந்து ஒரு கட்டிலையே இந்தக் கார்ல ஏத்திக்கிட்டு வந்தவன். ரெண்டு பலகை எனக்கு என்னா பெரிசு? டொரத்திக்கா, நீ தலைய கொஞ்சம் சாய்ச்சுக்க. பின் சீட்டுலருந்து ஒன் காதோரமா முன்னுக்கு நீட்டி விட்டுர்றேன்.

– நீட்டுடா, நீட்டு. எம்புள்ள ஜெயிச்ச பலகை என் காதுல இடிச்சா என்னா, கண்ணுல இடிச்சா என்னா.

– ம்மா, ஜெயிச்ச பலகை கிலகைன்னு ஆரம்பிக்காத. பின்லாந்துலருந்து மூணு ப்ளைட் மாறி வந்திருக்கேன். எனக்குத் தூக்கம் வேணும்.

– தூங்கு பாப்பா. செனாய் ஏர்போர்ட்லருந்து லாயாங் லாயாங் முக்கா மணி நேரம். மண்டபத்துக்குப் போறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுரலாம்.

– எந்த மண்டபம்?

– அலமாக்! அக்கா, சர்ப்ரைஸ்னு நீதானே சொன்ன!

– வாய் தவறிருச்சுடா.

– எந்த மண்டபம் மாமா?

– நம்ம ஊரு பாலாய் ராயா மண்டபம்தான் லா. சரி, வெளிய வந்துருச்சு, முழுசா சொல்லிர்றேன், எனக்கும் ரெண்டு வாரமா வயித்த வலிக்குது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஒனக்குப் பாராட்டு. இருநூறு பேரு. பிரியாணி. வாசல்ல பன்னெண்டு அடிக்கு பேனர். "பனியை வென்ற லாயாங் லாயாங் மகள்! உலக முதலிடம்!" எழுதுனது யாருன்னு நெனைக்கிற? ஒன் மாமன்தான்.

– உலக முதலிடமா?

– தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருத்தர்கிட்டக் காட்டித்தான் பிரிண்ட்டுக்குக் குடுத்தேன். ஒரு பிழையும் இல்லைன்னாரு.

– மொத்தமும் பிழை மாமா. நான் முதலிடம் இல்ல.

– பாத்தியாக்கா, எம்புட்டு அடக்கம்! மாஸ்டர்ஸ் படிச்ச புள்ள, ஸ்கூடாய்ல இன்ஜினியர், இன்னும் தலக்கனம் ஏறல பாரு.

– அடக்கம் இல்ல. உண்மை. வண்டிய ஓரமா நிப்பாட்டுறீங்களா, ஓட்டிக்கிட்டே கேக்குறீங்களா?

– ஓட்டிக்கிட்டே கேக்குறேன். நான் தினம் பைக்குல சிங்கப்பூர் போறவன். லாரி ரெண்டு பக்கமும் உரசுனாலும் ஹேண்டில் ஆடாது.

– யாரு சொன்னா நான் முதல்ல வந்தேன்னு?

– ஒன் அம்மா லா! டீச்சர் வீட்டு பெரிய டிவியில நேரா பாத்தா. நீ கோட்டத் தாண்டுன அடுத்த நிமிஷம் எனக்குப் போன். "ரேமண்டு, பாப்பா முதல்ல வந்துட்டாடா! பின்னால ஒரு ஈ காக்கா இல்லடா!"ன்னு ஒரே அழுக. நான் பெட்ரோல் ஊத்திக்கிட்டு இருந்தவன், குழாய அப்படியே புடிச்சிக்கிட்டு நானும் அழுதுட்டேன்.

– கோட்ட முதல்ல தாண்டுனது உண்மைதான்.

– அப்புறம் என்னா!

– முதல்ல தாண்டுனேன், ஏன்னா முதல்ல கெளம்புனேன். கேளுங்க. இருபது கிலோமீட்டர். மொத்தம் எழுபத்தி நாலு பேரு. எல்லாரையும் ஒண்ணா விடமாட்டாங்க. அரை நிமிஷத்துக்கு ஒருத்தரா, தனித்தனியா விடுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனிக் கடிகாரம். யாரு முன்னால வந்தாங்கன்னு பாக்க மாட்டாங்க. யாரு குறைஞ்ச நேரத்துல வந்தாங்கன்னுதான் பாப்பாங்க. பேரு தெரியாத ஆளுங்கள முதல்ல அனுப்பிருவாங்க. பெரிய ஆளுங்க கடைசி, டிவிக்குச் சுவாரசியமா இருக்கணும்ல. எனக்குச் சட்டை நம்பர் ஒண்ணு.

– நம்பர் ஒண்ணு! அதான் லா நானும் சொல்றேன்!

– ஐயோ மாமா. அது ஓடுறதுக்கு முன்னால குடுத்த நம்பர். கடைசி ஆளு கெளம்புறப்ப நான் பாதி தூரத்தத் தாண்டியிருந்தேன்.

– இரு. இரு இரு. நான் காலையில நாலரைக்கு பைக்க எடுக்குறேன்.

– சரி.

– பக்கத்து வீட்டு அர்ச்சுனன் அஞ்சேகாலுக்குத்தான் எடுப்பான். பெரிய பைக். நான் மொத ஆளா ஃபாக்டரியில போயி கார்டு தட்டுவேன். அவன் பத்து நிமிஷம் கழிச்சு வந்து நிப்பான்.

– அதேதான் மாமா. இப்ப யாரு வேகம்?

– மேனேஜர் என்னைப் பாத்து தினம் கட்டை விரலத் தூக்கி, "ரேமண்ட் நம்பர் ஒன்"னு சொல்லுவாரு.

– நீங்க சீக்கிரம் கெளம்புறீங்க. அவ்வளவுதான்.

– பதினோரு வருஷமா நான் வேகமானவன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் லா.

– டேய், ரோட்டப் பாத்து ஓட்டு. லாரி வருது.

– அப்ப பேனரு...

– பொய்.

– நீ எத்தனாவது? வேணாம், சொல்லாத! நம்பர இப்ப சொல்லாத. பிரியாணி சட்டி அடுப்புல ஏறிருச்சு. வண்டி நிக்கிறப்ப சொல்லு, நான் ஒக்காந்துக்கிட்டுக் கேக்குறேன்.

– இப்பவும் ஒக்காந்துதான் இருக்கீங்க.

– ஹேண்டில் ஆடுது லா.

– ம்மா, நீ ஏன் பேசாம இருக்க? வலேரிக்கு அன்னிக்கே ரிசல்ட்ட அனுப்பினேனே. என் தங்கச்சி ஒருத்தியாவது வீட்டுல வாயத் தொறக்கலியா?

– அவளுக்குப் பரீட்சைடி. எனக்கு இந்த ஆட்டமெல்லாம் என்னா தெரியும்? நீ முன்னுக்கு வந்த, பாத்தேன், சந்தோசப்பட்டேன்.

– எனக்கு ஒரு சந்தேகம் ஃபெலி. எல்லாரையும் ஒண்ணா விட்டுத் தொலைச்சா என்னா? முன்னால வந்தவன் முன்னால. பாக்குறவனுக்கும் புரியும், பேனர் அடிக்கிறவனுக்கும் பிரச்சனை இல்ல.

– அப்படியும் ஒண்ணு இருக்கு. அடுத்த சனிக்கிழம அதையும் ஓடுனேன். அம்பது கிலோமீட்டர், முந்நூறு பேரு ஒண்ணா.

– ஆ! அது நியாயம்.

– என்ன நியாயம்? பேரு உள்ளவங்களுக்கு முன் வரிசை. என் சட்டையில மலேசியான்னு பாத்ததும் சிரிச்சிக்கிட்டே கடைசி வரிசைக்குக் கைய காட்டிட்டாங்க. துப்பாக்கி எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் வெடிக்குது. எனக்கு முன்னால மட்டும் இருநூத்தித் தொண்ணூறு முதுகு. ஒருத்தி நான் ஊன்றித் தள்ளுற குச்சி மேல ஏறி ஒடிச்சிட்டுப் போறா, திரும்பிக்கூடப் பாக்கல. மூணு கிலோமீட்டர் ஒத்தக் குச்சியில தள்ளுனேன்.

– திட்டுனியா?

– ஆமா. தமிழ்லயே.

– அப்படிப் போடு! பின்லாந்து காட்டுல தமிழ் கேட்டுச்சா!

– மரத்துலருந்து பனி கொட்டிச்சு. சிரிக்காதீங்க மாமா, நெசமா கொட்டிச்சு. அதனாலதான் எனக்கு ஒவ்வொருத்தரா விடுறது புடிக்கும். முன்னால எவ முதுகும் கெடையாது. என் தடம், என் கடிகாரம்.

– போன் அடிக்குது பாரு, என் பையில. பாப்பா, அத எடுத்து இந்தப் பலகைக்கு அடியில குடு. ஆ, டீச்சர்! ஆமா டீச்சர், வந்துட்டா... நல்லா இருக்கா, கொஞ்சம் கருத்துட்டா... பனியிலயும் வெயில் சுடுமாம் டீச்சர்... நீங்க அஞ்சு மணிக்கு வந்தாப் போதும். மாலை நீங்கதான் போடணும்... சரிங்க டீச்சர்.

– எந்த டீச்சர்?

– நிர்மலாதேவி டீச்சர்தான். அவங்கதான் தலைமை.

– ம்மா!

– கத்தாதடி, காதுல பலகை.

– ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா? மூணாம் பாரத்துல நான் ஏழு ஏ எடுத்தப்ப, "இந்தப் பிள்ளைக்கு சயின்ஸ் எல்லாம் சுமை டொரத்தி, கணக்கெழுதுற படிப்பு படிக்கட்டும், கெதியா வேலைக்குப் போகலாம்"னு ஒன்கிட்ட சொன்னது யாரு? நீ அவங்க வீட்டுல பாத்திரம் கழுவுவ, நான் பின்வாசல்ல துணி தொவைக்கிற கல்லு மேல ஒக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்த வீட்டு ஹால் என்ன கலர்னுகூட எனக்குத் தெரியாது.

– பச்சைடி. இளம் பச்சை.

– எனக்குத் தெரிய வேணாம்!

– ஃபெலி, கோவப்படாத லா. இப்ப நெலம மாறிருச்சு. அக்கா டீச்சர் வீட்டு வேலைய விட்டாச்சு, தெரியும்ல?

– என்னது?

– நீ சொல்லலியாக்கா? அன்னிக்கேதான் ஃபெலி. நீ ஓடி முடிச்ச அன்னிக்கே, "திங்கக்கெழமலருந்து வரமாட்டேன் டீச்சர்"னு சொல்லிட்டு, குடைய எடுத்துக்கிட்டு வந்துட்டா. பதினெட்டு வருஷம்! ஒத்த வார்த்தையில முடிச்சிட்டா. நான்கூட நம்பல.

– நான் மூணு வருஷமா கெஞ்சுறேன். வேலைக்குப் போன மொத மாசத்துலருந்து கெஞ்சுறேன், அந்த வீட்ட விடும்மான்னு. அப்பல்லாம் "சும்மா இருந்தா கை கால் கொடையுது"ன்ன.

– கொடஞ்சிதுடி.

– இப்ப என்ன, கொடச்சல் நின்னு போச்சா? நான் படிச்சு வாங்குன வேலைய நம்பி விடல. நான் முதல்ல வந்துட்டேன்னு ஒரு தப்பான ரிசல்ட்ட நம்பி விட்டிருக்க. அதுவும் அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு. இப்ப அவங்க கையால எனக்கு மாலை. மாலை விழுந்ததும் மைக்க என் கையில குடுப்பாங்க. நான் என்ன சொல்றது?

– நன்றி வணக்கம்னு சொல்லிட்டு எறங்கிரு லா. யாரு கேக்கப் போறா?

– நான் கேப்பேன் மாமா. காலையில அஞ்சரைக்கு எஸ்டேட் ரோட்டுல, சக்கரம் வச்ச பலகையில, செம்பனைக் குலை ஏத்துற லாரிக்கும் நாய்க்கும் நடுவுல ரெண்டு வருஷம் ஓடியிருக்கேன். எத்தனை நாய் தொரத்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது. அந்த உழைப்புக்கு எனக்குன்னு ஒரு எடம் கெடைச்சுது. பின்னாலதான், ஆனா என்னோடது. அத அழிச்சிட்டு மேல ஒண்ணுன்னு எழுதுனா, அங்க நிக்கிறது நான் இல்ல.

– அந்தக் கறுப்பு நாய் தொரத்துனது எனக்குத் தெரியும். நான்தான் கல்லால அடிச்சேன்.

– ம்மா, நான் வெளையாடல. நான் உண்மையச் சொல்லப் போறேன். சொன்னா ஒனக்குத்தான் அசிங்கம். "டொரத்தி பொய் சொல்லி வேலைய விட்டுட்டுப் போயிட்டா, அம்மாவும் பொண்ணும் ஊரையே ஏமாத்திட்டாங்க"ன்னு அந்தம்மா கோயில் வாசல்லருந்து க்ளுவாங் சந்தை வரைக்கும் சொல்வாங்க. சொல்லாம விட்டா எனக்கு அசிங்கம். இப்ப நான் யாருக்கு அசிங்கத்தக் குடுக்கட்டும், நீயே சொல்லு.

– பேனர மாத்திட்டா? "முதலில் வந்தவள்"னு மட்டும் இருந்தா பொய் இல்லியே. கோட்ட முதல்ல தாண்டுனல்ல? "உலக முதலிடம்" இருக்குற எடத்துல பலூன் கட்டிருவோம். இருபது பலூன். எவனுக்கும் தெரியாது.

– நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் மாமா.

– ஒன் பாட்டனுக்கு நாலாம் வகுப்போட காசு தீந்து போச்சு லா. இல்லன்னா நான் எங்கயோ போயிருப்பேன்.

– நாலரைக்கே கெளம்பியிருப்பீங்க.

– பாரு, எம்மேலயே திரும்புது! அக்கா, ஒம்மகளுக்கு வாய் ரொம்ப நீளம், இந்தப் பலகையவிட நீளம். சரி, ரெங்கம் வந்துருச்சு. இங்க ஐஸ் கட்டி எடுக்கணும், சிராப் தண்ணிக்கு. நாலு மூட்டை சொல்லி வச்சிருக்கேன்.

– ஐஸா? எனக்கு அந்த வார்த்தையே வேணாம்.

– நீ ஒக்காரு, ஏசி ஓடட்டும். நான் எறங்கித் திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துருங்க. பலூனா, உண்மையா. பலூன்னா இப்பவே எதிர்க்கடையில வாங்கிருவேன். கைய மட்டும் காட்டுங்க.

– கதவச் சாத்துங்க மாமா, சூடு வருது.

– வர்றேன், வர்றேன்.

– ...ம்மா. போயிட்டாரு. இப்ப என் மூஞ்சியப் பாரு.

– எப்படிடி பாக்குறது? நடுவுல பலகை.

– சரி, கேக்கவாவது செய். எனக்கு ஒம்மேல கோவம் இல்ல. நான் கத்துறது வேற. அந்தம்மா முன்னால நீ தல குனிஞ்சு நின்னதப் பாத்தே வளந்தேன். இன்னிக்கு என்னால நீ இன்னொரு தடவ குனியணும்னா, என்னால அத மேடையில நின்னு பாக்க முடியாது. அதான்.

– எதுக்கு நான் குனியணும்? எழுபத்தி நாலு பேர்ல அறுபத்தி மூணு. ஒனக்குப் பின்னாலயும் பதினோரு பேரு மூச்சு வாங்கிக்கிட்டுத்தானே வந்தாங்க.

– பின்னால வந்தவங்கள விடு, நான் சொல்ல வந்தது... ம்மா.

– என்னா?

– அறுபத்தி மூணுன்னு நான் சொல்லவே இல்லியே.

– சொல்லல?

– மாமா சொல்ல விடல. நான் ரிசல்ட்ட அனுப்புனது வலேரிக்கு மட்டும்.

– அவ அன்னிக்கே ஓடி வந்து சொல்லிட்டா. நான்தான் வாய மூடிக்கிட்டுப் பரீட்சைக்குப் படின்னு வெரட்டி விட்டேன்.

– ரெண்டு வாரமா தெரியுமா ஒனக்கு? தெரிஞ்சுமா பேனர், பிரியாணி, அந்தம்மா கையால மாலை?

– பேனர் ஒன் மாமன் வேலடி. அவன நான் நிப்பாட்டப் பாத்தேன், நிக்கிற ஆளா அவன்? கெளம்பிட்டான்னா கெளம்பிட்டான்.

– அப்ப வேலைய விட்டது? அன்னிக்கு நீ டீச்சர் வீட்டுலருந்து வந்தப்புறம்தானே வலேரி சொன்னா? அப்ப ஜெயிச்சிட்டேன்னு நம்பித்தானே விட்ட?

– இல்லடி. வலேரி சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்.

– எப்படி?

– நீ கோட்டத் தாண்டுனதும் டீச்சர் எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சாங்க. சோபாவக் காட்டி, "நீங்கள் இருங்கோ டொரத்தி, இண்டைக்கு நான் தேத்தண்ணி போடுறன்"னுட்டு உள்ள போனாங்க. நீங்கள்னு சொன்னாங்கடி. பதினெட்டு வருஷத்துல அந்த ஹால்ல நான் ஒக்காந்தது அதான் மொத தடவ.

– ம்மா...

– அவங்களுக்குச் சீனி எங்க இருக்குன்னு தெரியல. அடுப்படியிலருந்து கேக்குறாங்க, நான் சோபாவுல ஒக்காந்துக்கிட்டே எந்த அலமாரி, எந்தத் தட்டுன்னு சொல்றேன். அப்பத்தான் டிவியில ஒன் பேரு எறங்க ஆரம்பிச்சிது. ரெண்டு. நாலு. ஒம்பது. எனக்கு இங்கிலீசு படிக்க வராது, ஆனா ஒன் பேரு எந்த வரியில இருந்தாலும் தெரியும்டி. அப்புறம் அது திரையவிட்டே கீழ போயிருச்சு.

– நீ என்ன பண்ண?

– ரிமோட்ட எடுத்து டிவிய அடச்சிட்டேன். தேத்தண்ணி வந்துச்சு, நிதானமா ஆற வச்சுக் குடிச்சேன், கோப்பைய கழுவாம மேசையிலயே வச்சிட்டு, இனிமே வரமாட்டேன் டீச்சர்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். இப்ப நீ மைக்கப் புடிச்சு, அவங்களுக்கும் நல்லா கேக்குற மாதிரி, அறுபத்தி மூணுன்னே சொல்லு பாப்பா.